வாருண்ணியின் பத்தொன்பதரை

ஒல்லூர் மது எதிர்ப்புச் சமிதிக்கு வாருண்ணி தலைவர், நான் செயலாளர். அவர் நாக்கில் ஒரு சொட்டுக் கள் பட்டதில்லை. ஆனால் முகம் மட்டும் விடியும் முன்பே ரெண்டு குடம் இறக்கினவனுடையது மாதிரி சிவந்து கிடக்கும்.

சமிதி நடத்திய ரத்ததான முகாமில் முதல் ஆளாகக் கையை நீட்டினார். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், கருவி கெட்டுவிட்டதோ என்று இன்னொரு விரலிலும் குத்தினாள். மறுபடியும் ஹீமோகுளோபின் பத்தொன்பதரை.

"சேட்டா, உங்களுக்கு ரத்தம் எடுக்க முடியாது. இவ்வளவு இருக்கக் கூடாது. நல்ல டாக்டரா பாருங்க."

எண் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. சாயந்திரத்துக்குள் ஊருக்கே சொல்லிவிட்டார். "உனக்கு எவ்வளவு? பதினொண்ணா? சீ, கொசுகூட உன்ன மதிக்காதே!" என்று என்னையே கேட்டார்.

அவர் மனைவி கொச்சுத்ரேசியாவுக்கு மட்டும் சந்தேகம். "வெந்நீர்ல குளிச்சா அரிக்குதுன்னு தினமும் குதிக்கிறீங்களே மனுஷா, போய்க் காட்டுங்க."

"பத்தொம்பதரை உள்ளவனுக்கு எதுக்குடி டாக்டர்?"

அடுத்த வாரம் முச்சந்தியில் கூட்டம். மேடைக்கு எதிரே இனாசுவின் கள்ளுக்கடை. நாங்கள் எப்போது கூட்டம் போட்டாலும் இனாசு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து கிண்டலடிப்பான். வாருண்ணி நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுவில், "கள்ளு குடும்பத்தைக் கெடுக்கும்" என்பது "கழ்ழு குழும்பழ்ழ" என்று வந்தது. வலது கையிலிருந்து மைக் நழுவி விழுந்தது.

கூட்டத்துக்குத் திருவிழாதான். "தலைவர் மேடை ஏறுறதுக்கு முன்னாடியே ஏத்திட்டாருடா!" என்று ஒருவன் விசிலடித்தான். மேடையில் இருந்த பாதிரியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இனாசு மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஓடி வந்தான்.

"வாய மூடுங்கடா! குடிச்சவன எனக்குத் தெரியாதா? குடிச்சவன் ரெண்டு பக்கமும் சாய்வான். இவருக்கு ஒரு பக்க வாய் மட்டும் தொங்குது. ஆட்டோவக் கூப்பிடு!"

அவன் தோளில் சாய்ந்தே வாருண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. முதல் பேச்சே, "எடா இனாசு, கள்ளு நாத்தம் அடிக்கிற, தள்ளி உக்காரு" என்பதுதான்.

ஏகப்பட்ட பரிசோதனைகளுக்குப் பிறகு டாக்டர் பிரசன்னா விஷயத்தைச் சொன்னார். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை அளவில்லாமல் உண்டாக்கும் நாள்பட்ட நோய். "ரத்தத்துல சிவப்பணு நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்குக்குள்ள நிக்கணும். உங்களுக்கு அம்பத்தெட்டு. அவ்வளவு கெட்டியான ரத்தம் சரியா ஓடாது, உறைஞ்சு கட்டியாகும். அன்னிக்கு மூளைக்குப் போற வழிய ஒண்ணு கொஞ்ச நேரம் அடைச்சிருக்கு. அதுவா விலகினது உங்க அதிர்ஷ்டம்."

முதல் வைத்தியம், அவ்வப்போது ரத்தத்தை வெளியே எடுப்பது. கூடவே ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின்.

"என் ரத்தத்த இந்தப் பதினொண்ணுக்குக் குடுங்க" என்று என்னைக் காட்டினார் வாருண்ணி.

"யாருக்கும் ஏத்த மாட்டோம். கொட்டிடுவோம்."

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ரெண்டு மாதம் ரத்தம் எடுத்தும் சிவப்பணு இறங்கவே இல்லை. டாக்டர் குழம்பிப்போனார். கடைசியில் கொச்சுத்ரேசியா முந்தானையைத் திருகியபடி வாயைத் திறந்தாள். "இவ்வளவு ரத்தம் போகுதேன்னு தினமும் ஈரல் வறுத்துக் குடுத்தேன். இரும்பு மாத்திரையும் பொடிச்சு மீன்கறியில போட்டேன்."

"நான் வாளியால இறைக்கிறேன், நீங்க குழாயத் தொறந்து விடுறீங்களா?" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஈரலும் இரும்பும் நின்றதும் சிவப்பணு இறங்கியது. ஆனால் பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளையணு பதினாறாயிரத்தில் நின்றது.

"அதுங்க கிருமியோட சண்டை போடுற பட்டாளம்தானே? இருக்கட்டும்" என்றார் வாருண்ணி.

"கூடிப்போனா ரத்தக்குழாய் சுவர்ல ஒட்டிக்கிட்டு அதுங்களே ரத்தத்த உறைய வைக்கும். சிவப்ப மட்டும் பாத்தா போதாது." டாக்டர் அணுக்களைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். வாருண்ணி வேண்டாமென்று முறைத்துக்கொண்டார். அன்று ராத்திரி முதல் கொச்சுத்ரேசியா மாத்திரையை அவர் வாயில் போட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் சோறு போட்டாள்.

வெள்ளையணுவும் இறங்கியது. அதற்குப் பிறகு எங்கேயும் அடைப்பில்லை.

இப்போதெல்லாம் எங்கள் கூட்டத்தில் முன்வரிசை நடு நாற்காலி இனாசுவுக்கு. பாதிரியாருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. வாருண்ணி பேச்சை ஆரம்பிக்கும் முன் மேடையிலிருந்தே கேட்பார்:

"எடா, வாய் நேரா இருக்கா?"

"வாய் நேராத்தான் இருக்கு. பேச்சுதான் கோணல்" என்பான் இனாசு.