தகரத் தொட்டியில் நான்கு செடிகள்

இந்த மூலைக்கு ஒரு வெள்ளை வேண்டும். பூவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இலையாவது வெளுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெரணி முழுக்க இருட்டாகக் கிடக்கும், பார்க்கிற கண் அங்கே தங்காமல் போய்விடும். அப்படிப் போக இந்த வருஷம் நான் விடப்போவதில்லை.

இப்படி நினைத்துவிட்டு டோரதி தானே ஒரு கணம் திகைத்தாள். அந்த ‘நான்’ எங்கிருந்து வந்தது? பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக ‘நாம மருந்து சாப்பிடலாமா’, ‘நாம எழுந்து உட்காரலாமா’ என்று பேசிப் பேசி, ‘நான்’ என்ற சொல்லே அவளிடம் துருப்பிடித்துப் போயிருந்தது. கையில் மண்ணோடு, ஹெப்பாள் கம்பெனிக் குடியிருப்பின் முதல் மாடித் தளத்தில், ஜூன் மாதத் தூறலில் குந்தியிருந்தபோது அது கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

தொண்ணூற்று ஆறாம் வருஷம் அது. அவள் முன்னால் இருந்தது மகள் கேரல் பிறந்தபோது குளிப்பாட்ட வாங்கிய தகரத் தொட்டி. கேரல் இப்போது பெங்களூரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். தொட்டியின் அடியில் ஆணி வைத்துத் தட்டி ஒன்பது ஓட்டைகள் போட்டிருந்தாள். ஓட்டுச் சில்லு, அதன்மேல் மணல், அதன்மேல் இலைமக்கும் செம்மண்ணும். பின்னால் உயரமாகப் பெரணி. அதன் காலடியில் இளஞ்சிவப்புப் பூ விடும் பிகோனியா. முன்விளிம்பில் ஊதாக் கொடி, நாளாக நாளாகத் தகரத்தை மறைத்துக்கொண்டு இறங்கும். ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுக்கிற மாதிரிதான்: உயரமானவர் பின்னால் நிற்க, பெண்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில். மூலையில் நிற்க மட்டும் ஒருவர் குறைந்தார். மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது வெள்ளைக் கலேடியம் ஒன்று வாங்கிவந்து நட்டாள். பச்சை நரம்போடிய வெள்ளை இலை. அந்த மூலையில் யாரோ விளக்கேற்றி வைத்தது போலாயிற்று.

இதெல்லாம் ஒரே நாளில் வந்த அறிவில்லை. முதன்முதலில் புதினாவையும் ஓமவல்லியையும் ஒரே மரப்பெட்டியில் வைத்தாள். இரண்டும் வாசனைச் செடிதானே, ஒத்துப்போகும் என்று நம்பினாள். புதினா தண்ணீர் தண்ணீர் என்றது. ஊற்ற ஊற்ற ஓமவல்லி தண்டு அழுகிச் சரிந்தது. வார்டில் யார் பக்கத்தில் யாரைப் படுக்கவைப்பது என்று அவளுக்குத் தெரியும். இருமுகிறவர் பக்கத்தில் தையல் போட்டவரைப் போடக்கூடாது. செடிக்கு மட்டும் ஏன் பெயரையும் வாசனையையும் பார்த்தோம் என்று தன்னையே கடிந்துகொண்டாள். அதன்பிறகு தாகத்தைப் பார்த்துத்தான் சேர்த்தாள். வெயில் விழும் கைப்பிடிச் சுவர்மேல், ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய எனாமல் பேசினில் கற்றாழையும் மருள் செடியும் பத்துமணிப்பூவும். அவற்றுக்கு வாரத்துக்கு ஒரு செம்பு போதும். அடுக்களை வாசலில் புதினா, கொத்தமல்லி, நடுவே ஒரு மிளகாய்ச் செடி. வாசற்படியருகே முழுக்க வெள்ளையாக ஒரு சிமெண்டுத் தொட்டி, பொடிப்பொடியாகப் பூக்கும் அலிசமும் வெள்ளை நித்தியகல்யாணியும். டியூட்டி முடிந்து இருட்டோடு படியேறி வரும்போது அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் இதற்கு முன் எந்த வருஷமும் போட்டிக்குப் போகிற செடிகளை அவள் இப்படி ஒரே மண்ணில் இறக்கியதில்லை.

ஐந்து வருஷமாக நடந்துவந்தது வேறு. அவை ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னச் சட்டியில் வளர்ப்பாள். தசராவுக்கு முன்னால் வீட்டுத் தோட்டப் போட்டி வரும். அதற்கு ஓரிரு நாள் முன்னால், கணவன் வால்டர் வேலை பார்க்கும் கம்பெனியின் வேன் வரும். சட்டிகள் வண்டியேறி ஜெயலட்சுமிபுரத்தில் மேனேஜர் பங்களாவுக்குப் போகும். அங்கே பெரிய தொட்டிகளுக்குள் சட்டிகளை நெருக்கி அடுக்கி, மேலே மடிக்கேரிப் பாசியைப் போர்த்திவிடுவார்கள். பார்த்தால் வருஷக்கணக்காகச் சேர்ந்து வளர்ந்தவை போலவே இருக்கும். அடுக்கிக் கொடுப்பவளும் டோரதிதான். நடுவர்கள் வந்துபோனதும் சட்டிகள் திரும்பிவரும், சில கிளை முறிந்து, சில வராமலே. கோப்பை பங்களாவின் கண்ணாடி அலமாரிக்குப் போகும்.

முதல் வருஷம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது. பத்திரிகையில் மேனேஜர் மனைவி அஷ்வினி நிற்கும் படம் வந்தது. பின்னால் டோரதியின் பெரணி. படத்தைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பறித்துக்கொண்டார்கள் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. அவளே கொடுத்தாள், சிரித்துக்கொண்டே கொடுத்தாள். நல்லவள் என்று பெயரெடுப்பதில் இருக்கும் அந்தச் சின்ன இனிப்புக்காக.

ஆகஸ்டில், நகரத்துக்குப் போன ஒரு நாள், போட்டி விண்ணப்பத்தைத் தானே வாங்கி நிரப்பினாள். ‘தரையில்லாத வீடு, தொட்டிச் செடிகள் மட்டும்’ என்றொரு பிரிவு இருந்தது. பெயர் என்ற இடத்தில் டோரதி என்று எழுதி நிறுத்தினாள். வால்டரின் பெயரை எழுதவில்லை, அவனிடம் சொல்லவும் இல்லை.

செப்டம்பர் கடைசியில், போட்டி வாரத்தின் செவ்வாய்க்கிழமை, கம்பெனித் தோட்டக்காரர் சித்தையன் படியேறி வந்தார். ஹனூர்ப் பக்கத்துக்காரர். மூச்சு வாங்க நின்று, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“வணக்கமுங்க சிஸ்டரம்மா. எந்தெந்தச் சட்டி போகுதுன்னு பாத்துட்டு வரச்சொன்னாங்க. சனிக்கெழமை ஜட்ஜுங்க வர்றாங்களாமா.”

“பாருங்க.”

“அந்தக் கள்ளிச் சட்டி எங்கீங்க? மூணு வருஷத்துக்கு முந்தி ஒரே நாள்ல மூணு ஊட்ல நின்னுதே! காலையில சாமராஜபுரம், மத்தியானம் நம்ம பங்களா, சாயங்காலம் யாரோ டாக்டரூடு. மூணாவது ஊட்ல ஜட்ஜம்மா அதையே உத்து உத்துப் பாத்துட்டு, ‘இதை எங்கயோ பாத்திருக்கேனே’ன்னாங்க. நான் சொன்னனுங்க, ‘அம்மா, கள்ளிக்கெல்லாம் ஒரே மூஞ்சிதானுங்க’ன்னு.”

டோரதி வாய்விட்டுச் சிரித்தாள். சித்தையனும் சிரித்தபடியே குனிந்து தகரத் தொட்டிக்குள் விரலை விட்டார். சட்டியின் விளிம்பைத் தேடும் பழக்கம் அந்த விரலுக்கு. ஓரத்தில் தேடியது, நடுவில் தேடியது. ஊதாக் கொடியை விலக்கிப் பார்த்தார். விரல் முழுக்க ஈரமண்தான்.

“ஏனுங்கம்மா, சட்டியே இல்லீங்களே.”

“இல்ல.”

“எல்லாத்தையும் ஒண்ணாவே நட்டுப்போட்டீங்களா?”

“ஜூன்லயே. இப்ப வேரெல்லாம் பின்னியிருக்கும். ஒண்ணைப் பிடுங்கினா நாலும் போயிரும்.”

சித்தையன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப வண்டி சும்மா போகணுமாட்ட இருக்குதுங்க” என்றார். “நான் ஒண்ணும் பாக்கலீங்க. நீங்களே சொல்லிப்போடுங்க” என்று துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் மாலை வால்டர் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. பதினாறு வருஷமாக அதே கம்பெனியில் இருக்கிறான். ஷிப்ட் இன்சார்ஜ் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று இரண்டு மாதமாக அதே பேச்சு.

“டோரி, இன்னிக்கு மேனேஜரே கூப்பிட்டுப் பேசினார். என்கிட்ட! ‘வால்டர், உங்க மிஸஸ் எப்படி இருக்காங்க, செடியெல்லாம் எப்படி இருக்கு’ன்னு.”

“செடியைக் கேட்டாரா, இன்சார்ஜ் வேலையைப் பத்திச் சொன்னாரா?”

“ரெண்டும் ஒண்ணுதானே? நாலு தொட்டி, நாலு நாள். அப்புறம் உன் பிள்ளைங்க உன்கிட்ட வந்துரும்.”

“இந்த வருஷம் போகாதுங்க.”

“ஏன், காய்ச்சலா அதுங்களுக்கு?”

அவள் மேசை இழுப்பறையிலிருந்து, போட்டிக்குப் பேர் கொடுத்த ரசீதை எடுத்து அவன் முன் வைத்தாள். வால்டர் படித்தான். மறுபடி படித்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கலை.”

“ஒரு கோப்பைக்காகவா டோரி? கடையில வாங்கித் தரேன், உன் பேரைப் பொறிச்சே வாங்கித் தரேன்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வியாகவே பட்டது. கோப்பைக்காகவா? பாத்திரம் தேய்த்துக்கொண்டே உள்ளே தேடிப்பார்த்தாள். இது அகந்தையாக இருக்கலாம். ஞாயிறு மறைப்பள்ளியில் முதலில் சொல்லித்தந்த பாவம் அதுதான். வால்டருக்கு அந்த வேலை கிடைக்காமல் போனால் ஆயுசுக்கும் இந்தத் தொட்டியைச் சொல்லிக் காட்டுவான். சொல்லாவிட்டாலும் அவளுக்குக் கேட்கும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் உண்மைதான். அத்தனைக்கும் அடியில் அசையாமல் ஒன்று இருந்தது. நான்கு மாதம் அந்த நான்கு செடிகளும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வளர்ந்ததை அவள் ஒருத்திதான் தினமும் பார்த்தாள். கலேடியம் ஒரு பக்கம் சாய்ந்தபோது தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவைத்தவள் அவள். பிகோனியா மூச்சுத் திணறியபோது பெரணியில் மூன்று மட்டை கழித்தவள் அவள். பாசியைப் போர்த்தி, அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆக்குவதற்கு இனி அவள் கை வராது. இதில் கோப்பை வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் இந்தப் படியேறித்தான் வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வால்டர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான்.

“மேடம் இன்னிக்கு நேரா இங்க வராங்களாம். நீயே சொல்லிக்கோ. என் வாயால ஆகாது.”

“நானே சொல்றேன்.”

“அழகா சொல்லு.”

“சரிங்க.”

வாசல்வரை போய்த் திரும்பினான், ஏதோ சொல்ல வந்தவன்போல. கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் ஓடிவிட்டான்.

பத்து மணிக்குக் கீழே வேன் வந்து நின்றது. அஷ்வினி படியேறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, நெற்றியில் வியர்வை. பாதிக் கன்னடம், பாதி ஆங்கிலம், டோரதிக்காகக் கொஞ்சம் தமிழ் என்று கலந்து பேசுவாள். கெட்ட பெண்ணில்லை. கேரலின் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் தன் தம்பியின் புத்தகங்களைக் கொடுத்து அனுப்பியவள். வந்தவள் தகரத் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள்.

“அய்யோ சிஸ்டர்... எஷ்டு சென்னாகிதே! எவ்வளவு அழகு! இந்த வெள்ளை இலைதான் எல்லாத்தையும் தூக்கி நிறுத்துது, இல்ல?”

நான்கு மாதத்தில் முதல்முறையாக இன்னொருவர் கண் அந்த மூலையில் தங்கியிருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே பார்க்கத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு முரட்டு மனுஷியிடம் மறுப்பது இதைவிடச் சுலபம்.

“உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே” என்றாள் டோரதி.

“மத்த சட்டி எதுவும் வேண்டாம் சிஸ்டர். இது ஒண்ணு போதும். வராண்டால நடுவுல வைக்கிறேன். இந்தத் தடவை சீட்டுல உங்க பேரையும் போடறேன், ‘டோரதி சிஸ்டர் உதவியுடன்’னு. ப்ராமிஸ்.”

உதவியுடன். அந்தச் சொல்லை டோரதி மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். போன வருஷம் கிடைத்திருந்தால் அதையும் கத்தரித்து பைபிளுக்குள் வைத்திருப்பாள்.

“மேடம், நானும் பேர் கொடுத்திருக்கேன். தொட்டிப் பிரிவுல. நாளைக்குக் காலைல பதினொரு மணிக்கு இங்க வராங்க.”

அஷ்வினியின் முகம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு சிரித்தாள். சிறு பிள்ளை ஏதோ சொல்லிவிட்டது போன்ற சிரிப்பு.

“நீங்களா? வால்டர் ஒண்ணுமே சொல்லலையே?”

“அவருக்கே முந்தாநாள்தான் தெரியும்.”

“சரி, அதனால என்ன? உங்ககிட்டதான் இத்தனை இருக்கே. அந்த பேசின், அந்த வெள்ளைத் தொட்டி. இது ஒண்ணு இல்லாட்டி உங்களுக்குக் குறையாது. எனக்கு இது இல்லேன்னா வராண்டா காலி. எங்க வீட்டுக்காரர் பெரிய ஆபீசர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கார்.” குரலைத் தாழ்த்தினாள். “வால்டர் விஷயம்கூட இவர் மனசுல இருக்கு சிஸ்டர். நான் ஒரு வார்த்தை சொன்னா கேப்பார்.”

கீழே சித்தையன் இருமுவது கேட்டது. வேனின் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் நின்றிருந்தார். டோரதி தொட்டியின் பக்கம் குனிந்தாள். ஊதாக் கொடியின் ஒரு நுனி தகரத்தின் காதில் சிக்கியிருந்தது. அதை விடுவித்துக் கீழே விட்டாள். வார்டில் ஊசி போடப் போகும்போது இருக்கிற அதே நிதானமான கைதான் அது.

“என்ன சிஸ்டர், சித்தையனைத் தூக்கச் சொல்லட்டுமா?”

டோரதி நிமிர்ந்து, மண்பட்ட கையை முந்தானையில் துடைத்தாள்.

“உட்காருங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க. காபி போடறேன், சித்தையனையும் மேல கூப்பிடுங்க” என்றாள். “தொட்டி இங்கதான் இருக்கும்.”