மூக்கறையன், கையிருப்பு 40

மூன்று கம்பெனிகளின் கிடங்கு இருப்புக் கணக்கு மென்பொருளை ஒப்பிட்டுப் பார்த்து, எதை வாங்கலாம் என்று அவள் பெயரில் அறிக்கை தரவேண்டும். முதலாளி இப்படிச் சொன்ன நாளிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்தான். அந்தப் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் அவள் வேலை, தொலைபேசியில் வரும் புகார்களை எழுதிவைப்பது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் இரண்டு பேர் மாடியிலேயே உட்கார்ந்திருக்க, திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தியைப் பிடித்து ஏன் இதைக் கொடுக்கவேண்டும்?

எந்த மென்பொருள் வந்தாலும் கீழே கிடங்கில் நான்கு பேருக்குப் பதில் ஒருவர் போதும். இது எல்லாருக்கும் தெரியும். அந்த நால்வரில் மூத்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். அவளை இங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். அறிக்கையில் தன் கையெழுத்து விழுந்த மறுநாள் அக்கா வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது?

அதனால் நிஜமாகவே ஆராய்ந்தாள். மூன்றிலும் ஓட்டை கண்டுபிடித்துத் தட்டிக்கழித்துவிடலாம் என்ற நப்பாசை. விற்பவர்கள் கொடுத்த வாடிக்கையாளர் எண்களுக்கெல்லாம் போன் போட்டாள். முதல் இரண்டு கம்பெனிகளைப் பற்றிக் கொஞ்சம் புகழ்ந்தார்கள், நிறையப் புலம்பினார்கள். மூன்றாவதைப் பற்றி மட்டும் சர்க்கரையாகப் பேசினார்கள். புகார் கேட்டே காது காய்த்துப்போனவளுக்கு, புகாரே இல்லாத ஒன்றை நம்ப முடியவில்லை.

அந்த மூன்றாவது கம்பெனியின் ஆள் செயல்விளக்கம் காட்ட வந்தார். கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்றது சட்டை. சலவைச்சட்டை என்று மனதுக்குள் பெயர் வைத்தாள்.

"இது சும்மா மாதிரிக்குப் போட்ட பட்டியல் மேடம். வேற ஒரு பெரிய கம்பெனியோடது. பேரு மட்டும் கேக்காதீங்க" என்று சிரித்தபடி திரையில் பட்டியலை ஓடவிட்டார்.

வாஷர். பேரிங். சீல். மூக்கறையன், கையிருப்பு 40.

அந்த வரியை அவள் இன்னொரு தடவை படித்தாள். மூக்கறையன் என்று உலகத்தில் எந்த உதிரிபாகமும் கிடையாது. முனை மழுங்கிய ஒரு பித்தளைத் தாங்கிக்கு அத்தான் வைத்த பட்டப்பெயர் அது. இந்தக் கிடங்கின் இருப்பு நோட்டைத் தாண்டி அது எங்கேயும் போனதில்லை.

"சார், மூக்கறையன்னா என்ன?"

"அது... இந்தத் தொழில்ல எல்லாரும் சொல்ற பேருதான் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

நேராகக் கிடங்குக்கு இறங்கினாள். அத்தான் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க துப்பறியும் புலி. என் சீட்டைக் கிழிச்சாச்சா?"

"மூக்கறையன் எத்தனை இருக்கு அத்தான்?"

"நேத்து சாயங்காலம் நாப்பது. ஏன், உனக்கு ஒண்ணு வேணுமா?"

அவள் சிரிக்கவில்லை. "விக்க வந்தவரோட திரையிலயும் மூக்கறையன் நாப்பதுன்னு ஓடுது. நோட்டை வெளிய யாருக்காவது காட்டினீங்களா?"

"எனக்கு நானே குழி வெட்டிக்குவேனா?"

"நாலு பேர்ல ஒருத்தர் மிச்சம் இருப்பாரே. அது நீங்கதான்னு யாராவது ஆசை காட்டியிருந்தா?"

அவர் துணியை மேசைமேல் வைத்தார்.

"உங்க அக்காகூட என்னை இப்படிக் கேட்டதில்ல" என்றார். "ஒரு மாசமா முதலாளிதான் தினம் சாயங்காலம் வந்து நோட்டைப் போட்டோ எடுத்துட்டுப் போறாரு. தணிக்கைக்காம்."

அவள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நோட்டைப் பிரித்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: பொய்யன், கையிருப்பு 9.

"அப்படி ஒரு சாமானே கிடையாது. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் திருடன்னா இதை அனுப்பமாட்டேன். நாளைக்கு அங்க போய் இது நின்னுச்சுன்னா, யாருன்னு நீயே பார்த்துக்க."

மறுநாள் முதலாளியும் கூட்ட அறையில் வந்து உட்கார்ந்தார். நேற்றைய பட்டியலை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். சலவைச்சட்டை உற்சாகமாக ஓடவிட்டார். கடைசி வரியில் நின்றது: பொய்யன், கையிருப்பு 9.

"சார், பொய்யன்னா?"

"அது எல்லாக் கம்பெனியிலயும் இருக்கிறதுதான் மேடம்."

முதலாளி தன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சலவைச்சட்டையை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "சரி, உனக்குப் புரிஞ்சிருக்கும். ஒப்பந்தம் போட்டு ஒரு மாசம் ஆச்சு."

"அப்புறம் என் ஆராய்ச்சி எதுக்கு சார்?"

"நான் சொன்னா கீழ கத்துவாங்க. கிடங்குப் பெரியவரோட மச்சினியே சொல்லிட்டான்னா எவன் வாயைத் திறப்பான்? சாயங்காலத்துக்குள்ள அறிக்கை வந்துடணும்மா."

அந்தக் கடைசி 'மா'தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வாரமாக அத்தனை பேரையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். தன்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற முதல் சந்தேகத்தை மட்டும் பாதியிலேயே விட்டிருக்கிறாள். அதைப் பிடித்து இழுத்திருந்தால் அத்தானிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

அறிக்கையைத் தட்டினாள். 'மூன்று மென்பொருள்களை ஒப்பிடச் சொன்னார்கள். மூன்றாவது, ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கப்பட்டுவிட்டது. நம் இருப்பு நோட்டு தினமும் அதில் ஏறிக்கொண்டிருக்கிறது. தேர்ந்தெடுத்தவர் முதலாளி. நான் தேர்ந்தெடுக்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியை மாடியில் முதலாளி மேசையில் வைத்தாள். இன்னொன்றைக் கொண்டுபோய்க் கிடங்குக் கதவில் ஒட்டினாள்.

நான்கு பேரும் நின்று படித்தார்கள். மற்ற மூவரும் உள்ளே போனார்கள். அத்தான் மட்டும் நின்றார்.

"எங்களை இது காப்பாத்தாது."

"தெரியும்."

"உன் வேலையும் போயிடும்."

"அதுவும் தெரியும்."

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மேசைக்குப் போய் நோட்டைப் பிரித்தார்.

"இந்தப் பொய்யனை அடிச்சிடவா?"

"அடிக்காதீங்க அத்தான். ஒன்பதை மட்டும் ஒண்ணாக்குங்க. மாடியில இருக்கு."

அவர் பேனாவை எடுத்துத் திருத்தினார். அதற்குள் மாடியிலிருந்து அவள் மேசைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியிருந்தது.