கருத்தக்கண்ணனின் ஹெல்ப்லெஸ்

எழுபத்தெட்டில் குமாஸ்தா வேலையில் சேர்ந்ததும் கருத்தக்கண்ணன் பிடித்துக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை ‘ஹெல்ப்லெஸ்’. மனுவோடு யார் வந்தாலும் மேலதிகாரி இரண்டு கையையும் விரித்து, “ஐ ஆம் ஹெல்ப்லெஸ்” என்பார். என் கையில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு போய்விடுவார். அடேயப்பா, என்ன வார்த்தை! ‘முடியாது’ என்றால் சண்டைக்கு வருவான். இதற்கு எவன் வருவான்?

வில்லாபுரத்து வீட்டிலும் அதையே ஓட்டினான். ஓடு ஒழுகினாலும் ஹெல்ப்லெஸ், குழாயில் தண்ணீர் நின்றாலும் ஹெல்ப்லெஸ். மனைவி அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டு தானே ஆளைக் கூட்டி வருவாள்.

மகளுக்குக் காதுகுத்து வந்தது. குலதெய்வக் கோயிலில் கிடாக்கறி கொதிக்கிறது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அன்னக்கொடிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சே கிடையாது.

“மூத்தவன் நான் இருக்கேன். என் மடிதான்” என்றார் அண்ணன் பேயாண்டி.

“கிடா கொண்டாந்தவன் நானு” என்று துண்டை உதறினான் தம்பி சுருளி. “என் மடியில உக்காரலைன்னா இப்பவே போறேன். இனி அக்கா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

யார் போனாலும் பிறந்த வீட்டு உறவு பாதி அறுந்துவிடுமே! அன்னக்கொடி கண்கலங்கிப் புருஷனைப் பார்த்தாள். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

அவன் இரண்டு கையையும் விரித்தான். “ஐ ஆம் ஹெல்ப்லெஸ்.”

“அப்டின்னா?” என்றான் சுருளி.

“என்னால ஒண்ணும் ஆகாது மாப்ள.”

சுருளி திகைத்துப்போய் அண்ணனைப் பார்த்தான். அண்ணனும் பார்த்தார்.

“கேட்டியாடா தம்பி? பெத்த மகளுக்குக் காதுகுத்தக்கூட ஆகாதாம்.”

“கேட்டேண்ணே. நாம ரெண்டு பேரும் இல்லேன்னா அக்கா கதி என்னத்துக்கு ஆகும்?”

வலது காது பேயாண்டி மடியில், இடது காது சுருளி மடியில் என்று முடிந்தது. பிள்ளை வீறிட்டது, அன்னக்கொடி அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு அந்த சந்தோஷமே போதும்.

பந்தியில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். எதிரே கருத்தக்கண்ணன் மீசையைத் தடவியபடி, “பாத்தியா, அந்த வார்த்தையோட மகிமைய?” என்று மனைவியிடம் கிசுகிசுத்தான்.

அதற்குள் பேயாண்டி பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, மாப்ளைக்கு எலும்பில்லாத கறியாப் பாத்து வையி. பாவம், கடிக்க ஆகாது.”