முப்பதாவது இலை

மைசூரில், நஞ்சன்கூடு சாலையோர மூலிகைத் தோட்டத்தில், 1994 ஆடி மாதம் ஒரு மரத்தின் இலைகள் எல்லாம் ஒன்று விடாமல் நூற்றுப் பதினேழு மில்லிமீட்டர் நீளம் இருந்தன. அந்த வாரம் தக்காளி கிலோ நான்கு ரூபாய். அளந்தவள் பழனாத்தாள். ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினோரு வருடம் அங்கே தினக்கூலிக்கு மண் வெட்டியவள். நாற்பதைத் தாண்டி எழுதப் படிக்கக் கற்றதும் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ஸ்கேலைக் கொடுத்தார்கள். மரத்துக்கு முப்பது இலை பறித்து நீளம், அகலம், காம்பு எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்து ஆபீசர் மாணிக்கவாசகம் இன்ன இனம் என்று சொல்வார்.

ஒரே கிளையில்கூட இரண்டு இலை ஒத்துப்போகாது. முப்பது வரியிலும் 117 என்று கண்டதும் அவர் நோட்டை மூடினார்.

"ஏம்மா, ஒண்ண அளந்துட்டு மிச்சத்த நெழல்ல சும்னே உக்காந்து எழுதிட்டியா? நாளைலருந்து வர வேணாம்."

"போறனுங்க சார். அதுக்கு முன்னால நீங்களே ஒருக்கா பறிச்சுப் பாத்துருங்க. பொய்க்காரின்னு பேரெடுத்துட்டு என்னால பஸ் ஏற முடியாதுங்க."

கூலி போவதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. அவள் கையால் எழுதி நாலு பேர் படித்தவை அந்த எண்கள் மட்டுமே.

அவர் பறிக்க, அவள் எழுதினாள். முதல் இலை 117. அடுத்தது 113. அதற்கடுத்தது 109. எந்தக் கிளையில் கைவைத்தாலும் நான்கு நான்காகக் குறைந்தது. பத்தாவது இலைவரை சிரித்தார். இருபதாவதுக்குக் கிளை கிளையாக விலக்கி, உள்ளங்கையை மூடும் இலையாகத் தேடிப் பறித்தார். காம்பு ஒடிந்ததும் அது 41. காற்று நின்றிருந்தது, மரம் மட்டும் அசைந்தது. இருபத்தொன்பதாவது, அரிசி மணி அளவு. முப்பதாவதுக்கு நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கிங்க சார்."

"வேணாம். நீயே பறி."

அவள் பறித்தாள். 117.

மறு மாதமே அவளை மாதச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அந்த மரத்தின் அட்டையில் இனம் என்ற கட்டம் காலியாகவே இருக்க, பறிப்பவர் என்ற கட்டத்தில் மாணிக்கவாசகம் அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். ஓய்வு பெறும்வரை ஐந்து வருடமும் அவர் அந்த மரத்தைத் தாண்டாமல் பின்வாசல் வழியாகச் சுற்றித்தான் ஆபீசுக்கு வந்தார். பழனாத்தாள் ஹனூருக்குப் போகிற வாரங்களில் அந்த மரத்துக்கும் லீவு என்று ரெஜிஸ்டரிலேயே எழுதினார்கள்.