ஆறாத தண்ணீர்

"ஆளைப் போட்டு அவிக்கிற அண்டா மாதிரில்ல இருக்கு," என்றார் சகலை. "உப்பு மட்டும் போட்டாச் சூப்பு."

மடிக்கணினித் திரையில் ஒரு மரவீடு. சுற்றிலும் வயல், பின்னால் ஒரு மேடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் கிடையாது. வீட்டின் பின்புறம் பலகை அடித்த தளத்தில் வட்டமான மரத்தொட்டி ஒன்று ஆவி பறக்க இருந்தது. அதற்குள் ஓர் ஆணும் பெண்ணும் கழுத்தளவுத் தண்ணீரில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு விருந்தினர் யாருக்கும் பங்கில்லாத தனித் தொட்டி என்று படத்துக்குக் கீழே பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

"வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்களேன்," என்றாள் அக்கா. "தம்பி, உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவன் தலையாட்டினான்.

அக்கா அவனுடைய அக்கா அல்ல, மனைவியின் அக்கா. மனைவி போனபிறகு ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்திருந்தது. முழங்காலில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியது. "மூச்சு ஒரு மாதிரியா இருக்கு, காமிச்சிட்டுச் சாயங்காலம் வந்துடறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறியவள், சொன்ன சாயங்காலத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து அக்காவும் சகலையும் வார விடுமுறை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். துணி துவைத்து, குளிர்பதனப்பெட்டியை நிரப்பி, குழந்தைக்குத் தலைவாரிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்று நாள் எங்காவது கிராமப்பக்கம் போய்த் தங்கிவிட்டு வந்தால் எல்லோருக்கும் நல்லது என்று ஆரம்பித்தவள் அக்காதான். அவனுக்கு ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை. இப்போதெல்லாம் எதற்குமே ஆட்சேபம் இருப்பதில்லை. கிணற்றில் போட்ட கல்லுக்கு என்ன ஆட்சேபம்?

"ரெண்டு ரூம் இருக்கு," என்று அக்கா திரையைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். "பெரிய ரூம்ல நானும் தவளையும் படுத்துக்கறோம். நீங்களும் இவரும் சின்னதுல. இவரு குறட்டைக்குப் பஞ்சு எடுத்துட்டு வந்துடுங்க."

"காது டாக்டருக்கே பஞ்சு சிபாரிசு பண்றா பாருங்க," என்றார் சகலை.

அவன் டாக்டர் அல்ல. காது கேட்கும் திறனைச் சோதிப்பவன். நான்கு வருடம் கல்லூரியில் அதைத்தான் படித்தான். ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் கேட்பொறியை மாட்டி, கனத்த கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்து வார்த்தைகளைப் படிப்பான். பல், கல். மண், கண். உதட்டைப் பார்த்துப் பிடித்துவிடக் கூடாது என்று வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்வான். அந்த வேலையில் அவன் முதலில் கற்றுக்கொண்ட பாடம், நன்றாகக் கேட்பவர்கள் "என்ன சொன்னீங்க?" என்று கேட்பார்கள், கேட்காதவர்கள் தலையாட்டுவார்கள் என்பது. காது மந்தமாக மந்தமாகத் தலை வேகமாக ஆடும். கூடவே ஒரு புன்னகையும் வரும்.

தவளை மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தாள். ஐந்து வயது. நடக்கப் பழகுவதற்கு முன்பே குதிக்கப் பழகிய பிள்ளை என்று அவள் அம்மா வைத்த பட்டப்பெயர் அது. இப்போது குதிப்பதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நாற்காலியில் முழங்காலிட்டு ஏறி, தொட்டியின் படத்தில் விரலை வைத்தாள்.

"பெரியம்மா, இதுல தண்ணி ஆறாதா?"

"ஆறாது கண்ணு. கீழ மெஷின் இருக்கு. சூடாவே இருக்கும்."

"ரொம்ப நேரம் ஆனாலும்?"

"எவ்ளோ நேரம் ஆனாலும்."

"யாரும் வரலைன்னாலும் ஆறாதா?"

"ஆறவே ஆறாது," என்று அக்கா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ கேள்வி போல இருந்தது. அவன் புன்னகை செய்துவைத்தான்.

தவளை உள்ளே போய் நீச்சல் உடையைத் தேட ஆரம்பித்தாள். அலமாரிக் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டே வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டு போனாள். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர். எதற்கும் மழைக்கோட்டு. பள்ளிக்கூடப் பை. தடுப்பூசி அட்டை. தவளை கட்டிக்கொண்டு தூங்கும் துணி முயல். குடை. மூன்று நாளுக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு எல்லாமே. ஒவ்வொன்றுக்கும் அவன் "ம்" கொட்டினான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு நீங்க கிளம்பிடுங்க தம்பி. மறுநாள் வேலை இருக்குல்ல. அவளுக்குக் கார்ல வாந்தி வரும். அதனால நாங்க அவசரப்படாம திங்கக்கிழமை காலைல கிளம்பி மெதுவா வீட்டுக்குப் போயிடுவோம்."

"ம்" என்று சொல்லத் திறந்த வாய் நின்றது.

நாங்க.

மற்ற எல்லாம் காற்றோடு போயிருந்தன. இந்த ஒரு சொல் மட்டும், ஒலி புகாத அறைக்குள் கேட்பொறி வழியாக விழுவதுபோல, அப்பழுக்கில்லாமல் விழுந்தது. நாம என்றால் அவனும் உள்ளே. நாங்க என்றால் அவன் வெளியே. கேட்பவனை உள்ளே விடுவதா, வாசலில் நிறுத்துவதா என்று இந்த மொழியில் வாயைத் திறந்தவுடனேயே முடிவு செய்தாக வேண்டும். மழுப்ப வழியில்லை. கார் வாந்தி தவளைக்குத்தான் வரும். அப்படியானால் அந்த நாங்களில் தவளை இருக்கிறாள். வீடு என்பது இந்த வீடு இல்லை.

"நாங்கன்னா யாரு யாரு?" என்றான்.

அக்காவின் கையில் தேநீர்க் கெட்டில் சாய்ந்தபடியே இருந்தது. கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. சகலை எழுந்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க," என்றாள். "அன்னைக்கே பேசி முடிச்சாச்சே."

"என்னைக்கு?"

"உங்க கிளினிக் வாசல்ல. வண்டி நிறுத்தற இடத்துல. நான் எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். தவளை கொஞ்ச வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும், அங்கயே ஸ்கூல்ல சேத்துடறோம், லீவுக்கு நீங்க வந்து பாருங்கன்னு. இவருகூடப் பக்கத்துலதான் நின்னாரு. நீங்க தலையாட்டினீங்க. சிரிக்கக்கூடச் செஞ்சீங்க."

நினைவு வந்தது. அக்காவின் உதடுகள் அசைந்தது நினைவு வந்தது. அவள் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள் வண்டியைப் பின்பக்கமாக எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"தலையாட்டினேன்," என்றான். "காதுல விழலை."

"செவிடன் காதுல ஊதின சங்குன்னு..." என்று ஆரம்பித்த சகலை, பாதியில் நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

அக்கா உட்கார்ந்தாள். "நான் பாதி நேர வேலைக்கு எழுதிக் கொடுத்துட்டேன். ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. ஸ்கூல்ல பேசியாச்சு. இப்ப வந்து காதுல விழலைன்னா நான் எங்க போய் முட்டிக்க?"

"அவளை அனுப்ப நான் ஒத்துக்கலை."

"சரி. ஒத்துக்கலை. அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க." குரலைத் தாழ்த்தினாள். "உங்க கிளினிக்குக்கு நான் ஏன் அவ்ளோ தூரம் ஓடி வந்தேன்னு தெரியுமா?"

தெரியாது.

"அதுக்கு முந்தின நாள் குழந்தை எனக்குப் போன் பண்ணினா. உங்க போன்லேருந்து. நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்களாம். 'பெரியம்மா, நான் குளிக்கறப்ப தண்ணி ஆறிப் போச்சு, அப்பா அப்பான்னு கத்தினேன், அப்பா வரலை'ன்னு சொன்னா. பாத்ரூம் தொட்டிக்குள்ள, சோப்போட அந்தப் பச்சைத் தண்ணியிலயே உக்காந்திருக்கா. துண்டு எட்டலை. தரை வழுக்கும், தனியா இறங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காளாம், அதனால இறங்கலை. கடைசில எப்படி வெளிய வந்தான்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கறா. ஹால்ல நீங்க சோபாவுல உக்காந்திருந்தீங்க. தூங்கலை. முழிச்சிட்டுத்தான் இருந்தீங்க."

உள்ளே அலமாரிக் கதவு மூடியது.

அவன் குளியலறையை நினைத்துப் பார்த்தான். சோபாவிலிருந்து எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். நடுவில் கனத்த கதவு எதுவும் கிடையாது. ஒரு பிள்ளை கத்தினால் எத்தனை டெசிபல் வரும் என்று அவனுக்குத் தெரியும். கேட்காமல் போக வழியே இல்லை என்றும் தெரியும். எந்தக் கருவியை வைத்துச் சோதித்தாலும் அவன் காதில் குறை சொல்ல முடியாது.

"நான் உங்களைக் குத்திக்காட்டறதுக்குச் சொல்லலை," என்றாள் அக்கா. கண் நிறைந்துவிட்டது. "அவ என் தங்கச்சி. எனக்கும்தான் தொண்டைல முள்ளு. ஆனா குழந்தை கூப்பிட்டா எனக்குக் கேக்குது தம்பி. அவ்ளோதான்."

அவன் தட்டில் வழிந்திருந்த தேநீரைத் துடைத்தான்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றான்.

சகலைதான் பதில் சொன்னார். அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை. "இல்ல சகலை. அதுக்குத்தான் இந்த மரவீடு, தொட்டி எல்லாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவளும் குழந்தையும் தொட்டியில விளையாடிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல நீங்க சத்தமில்லாம வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடலாம். அழுகை இருக்காது. சாயங்காலம் கேட்டா, அப்பா வேலைக்குப் போயிருக்கார், வந்துடுவார்னு..."

"சாயங்காலம் வந்துடுவார்னு."

"ஆமா."

திரையில் அந்த ஆணும் பெண்ணும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை நீட்டி மடிக்கணினியை மூடினான்.

"அக்கா. நீங்க சொல்றது சரி," என்றான். "கூட்டிட்டுப் போங்க. ஆனா இன்னைக்கே, இங்கேருந்து, என் கண்ணு முன்னாடி, அவளுக்குத் தெரிஞ்சு கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன ஆளு அவளுக்கு ஒருத்தி போதும். அந்தத் தொட்டி வேணாம்."

"தம்பி, திடீர்னு சொன்னாப் பிச்சுக்கிட்டு அழுவா."

"அழட்டும்."

அவன் எழுந்து உள்ளே போனான். தவளை தரையில் உட்கார்ந்திருந்தாள். நீச்சல் உடையை உடுப்புக்கு மேலேயே மாட்டியிருந்தாள். அது போன வருடத்தது. அதன் தோள்பட்டி சதையில் அழுந்தியது. துணி முயலைப் பைக்குள் தலைகீழாகத் திணித்துக்கொண்டிருந்தாள்.

எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னான். பெரியம்மா வீட்டில் இருக்கப் போகிறாள் என்று. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நிறைய நாள் என்று. அங்கேயே பள்ளிக்கூடம் என்று. அப்பா இங்கே இருப்பான், சனிக்கிழமை வருவான், அவள் தூங்கும்போது வந்து, தூங்கும்போதே போய்விட மாட்டான், வரும்போதும் போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போவான் என்று. ஏன் என்று அவள் கேட்டாள்.

"நீ கூப்பிட்டே. அப்பா வரலை."

அவள் யோசித்தாள். "தண்ணி ரொம்ப ஆறிடுச்சு," என்றாள், குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், தகவலாக.

"தெரியும்."

"நான் குதிச்சுட்டேன். அம்மா குதிக்கக் கூடாதுன்னா. ஆனா குதிச்சுட்டேன். இங்க அடி." நீலம் பச்சையாகி மங்கிப்போன ஓர் அடித்தடத்தை முழங்காலில் காட்டினாள். இத்தனை நாளும் அதை அவன் பார்த்ததில்லை.

"வலிச்சுதா?"

"ம்." பிறகு, "அந்தத் தொட்டிக்கு எப்பப் போவோம்?"

"போகலை. அங்க யாரும் போகலை."

"யாருமேவா?"

"யாரும்."

அவள் பையைப் பார்த்தாள். முயலின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்துக்கும் பெரியம்மா வீட்டுக்கும் அசையாத முகம், தொட்டிக்கு உடைந்தது. முதலில் உதடு, அப்புறம் மோவாய், அப்புறம் தொண்டையின் அடியிலிருந்து ஒரு ஓலம். போகணும், போகணும், ஆறாதுன்னு சொன்னாங்க, போகணும் என்று தரையைக் காலால் உதைத்தாள். நீச்சல் உடையைப் பிடித்து இழுத்தாள். நடுவில் ஒரு தடவை அம்மா என்று வந்தது, மறுபடி தொட்டி. அம்மா போன நாளில்கூட அவள் இப்படி அழவில்லை. அல்லது அழுது, அவன் அதையும் கேட்கவில்லையோ என்னவோ.

அவன் கையை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள். மறுபடி நீட்டவில்லை, நகரவும் இல்லை. சத்தம் காதை அடைத்தது. நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது. பல மாதமாக இல்லாத வலி.

அக்கா ஓடிவந்து வாசலில் நின்றாள். கை ஈரமாக இருந்தது. "நான் பாத்துக்கறேன் தம்பி, விடுங்க," என்றாள்.

"இருங்க அக்கா," என்றான் திரும்பாமல். "அவ இன்னும் முடிக்கலை."