நாளைக்கு வாத்தியாரின் கதவுப் பலகை

தெருவில் அவருக்கு 'நாளைக்கு வாத்தியார்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர். வீட்டை ஒட்டிய ஷெட்டில் தன் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டி வைத்திருந்தார். இரண்டே இருக்கை, இடுப்பளவு உயரம், சிவப்புப் பெயின்ட். இன்ஜின் ஓட ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. நம்பர் பிளேட்கூட மாட்டியாகிவிட்டது. ஆனால் எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று யார் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். ஒருநாள் கண்ணாடி சரியில்லை, மறுநாள் ஹாரன் சத்தம் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் மனுஷனுக்குப் பயம். நடுத்தெருவில் வண்டி நின்றுபோனால் எல்லாரும் சிரிப்பார்களே என்று பயம்.

அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அன்று காலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சாயங்காலம் பழைய இரும்புக்காரர வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள தெருவுல ஓடுச்சுன்னா இது கார். இல்லேன்னா இரும்பு."

அப்போதும் வாத்தியார் சாவியைத் திருப்பினாரா என்றால் இல்லை. கதவுக்கு உள்பலகை மாட்டாத வண்டியில் எப்படிப் போவது என்று அந்த வேலையில் இறங்கிவிட்டார்.

பலகையைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய பிளைவுட்டை அளவாக அறுத்து, மேலே பஞ்சு ஒட்டி, மனைவி தைத்துக் கொடுத்த கறுப்பு ரெக்சினை இழுத்துப் போர்த்தியிருந்தார். பின்பக்கம் சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள். கதவின் துளைகளில் பொருத்தி அமுக்கினால் 'டப்' என்று உட்கார்ந்துகொள்ளும். கழற்ற வேண்டுமானால் ஓரத்தில் தட்டையாக எதையாவது விட்டு நெம்பினால் போதும். அதற்கென்று சமையலறையிலிருந்து ஓர் அகலக் கரண்டியை அபேஸ் செய்திருந்தார். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. வேலை முடிந்துவிட்டது என்ற பேச்சே அவருக்கு ஆகாது.

சுவரை ஒட்டியிருந்த கதவுக்கு முதலில் மாட்டினார். பிறகு ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்கும் மாட்டி, முழங்கை வைக்க வசதியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வசதியாகத்தான் இருந்தது. திறக்கலாம் என்று கைப்பிடியை இழுத்தபோது அது தொளதொளவென்று ஆடியது.

உள்பக்கக் கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பியைக் கோத்துவிட்டுத்தான் பலகையை அமுக்க வேண்டும். இரண்டு கதவிலுமே அதைக் கோட்டை விட்டிருந்தார். எதை முதலில் செய்ய வேண்டுமோ அதை முதலில் செய் என்று தினமும் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிற ஆசாமி இவர்தான். நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார், கிளிப் அசையவில்லை. ஜன்னலோ விரல் நுழையும் அளவுக்குத்தான் நகரும். கரண்டி வெளியே மேசைமேல் கிடந்தது.

"ஏம்மா, கொஞ்சம் ஷெட்டுக்கு வாயேன்."

வந்தவளின் கண் முதலில் மேசைக்குத்தான் போனது. "இந்தக் கரண்டிக்காகக் காலையிலேர்ந்து வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன்."

"அது கெடக்கட்டும். கதவ வெளியிலேர்ந்து திற. உள்ளேர்ந்து திறக்கல."

வெளிப்பக்கக் கைப்பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். "பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு. ஏன் கேக்கற?"

அவள் போய் ஷெட்டின் கதவுகளை அகலத் திறந்துவிட்டாள். "தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. திறந்து விடறேன்."

"விளையாடாத. நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நான் வந்து தள்றேன். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்." அவள் காரின் பக்கம் வந்து அதன் கூரையை முந்தானையால் துடைத்துவிட்டாள். "அந்த இரும்புக்காரர் இத ஒடைச்சு அள்ளிட்டுப் போறத என்னால பாக்க முடியாதுங்க."

இவள் காருக்கு எதிரி என்றல்லவா வாத்தியார் இத்தனை நாளும் நினைத்திருந்தார். சாவியைத் திருப்பினார்.

அவர் தெருவைச் சுற்றி வருவதற்குள் அவள் கரண்டியைச் சமையலறையில் வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்றாள். வண்டி வந்தது. நிற்கவில்லை. வாத்தியார் வாயெல்லாம் பல்லாகக் கையசைத்துவிட்டுப் போனார். அடுத்த சுற்றிலும் அதே கதைதான். மூன்றாம் முறை அவள் தெருவின் நடுவில் போய் நின்றதும் பிரேக் போட்டார்.

"இங்க ஒருத்தி நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றபடி சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, கோபத்தோடு அறைந்து சாத்தினாள்.

வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தப் பக்கமும் கம்பி கோக்கல."

அவள் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். தொளதொளவென்று ஆடியது. அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"அப்ப இறங்க முடியாதா?"

"யாராவது வந்து திறந்தாத்தான்."

"இரும்புக்காரர் வந்தா காத்துக் கெடக்கட்டும்" என்றாள் அவள். "மெயின் ரோட்டுக்கு விடுங்க."