செஞ்சிக்கு வந்த கப்பல் புகை

விடியுமுன்பே களத்தில் அவித்த நெல்லின் ஆவி பறந்தது. பெண்கள் வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போனார்கள். காய்ப்பேறிய அந்த உள்ளங்கால்களில் ஆணி குத்தினால் ஆணிதான் வளையும். அப்போது பாண்டுரங்கன் முதலாளியின் கப்பல் உறுமியது.

கப்பல் என்றால் கப்பலின் இன்ஜின். கரண்ட் அடிக்கடி போகிறதென்று, உடைத்த கப்பலிலிருந்து மலிவாக வாங்கி, அவலூர்பேட்டை ரோட்டிலுள்ள தன் ரைஸ் மில்லில் நட்டுவிட்டார். அது குடித்தது தார் போன்ற எண்ணெய். கக்கிய புகையில் ராஜகிரிக் கோட்டையே மறைந்து, சுற்றுலாக்காரர்கள் என்னிடம் வழி கேட்டார்கள். சந்தையில் வெள்ளைப் பசுவை எருமையென்று விலை பேசினார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு எதிர் டீக்கடையே கதியென்று கிடக்கும் நான் பொய் சொல்வேனா?

களத்தில் நெல் கிளறும் மங்கை விழுந்தது மட்டும் கலப்படமில்லாத உண்மை. புகைக்குழாய் களத்தைப் பார்த்தே வளைந்திருந்தது. இருமி இருமி, சுடுநெல் மேலேயே சுருண்டாள்.

பாய்லர்காரர் கன்னியப்பன் முதலாளியிடம் போனார். "பெரிய கப்பல்ல இந்தப் புகைய தண்ணியில கழுவித்தான் வெளிய வுடுவாங்களாம். நமக்கும் ஒரு டேங்க் வைங்க மொதலாளி."

"புகைக்குக் குளியலா? சோப்பு வேணாமா? இருமுறவ வூட்ல போயி இருமட்டும்."

மங்கைக்கு அன்றே வேலை போயிற்று. சாயங்காலம் மில் கேட்டருகே எல்லோரும் கூடினார்கள். அங்கே யாரும் அழவில்லை, பல்லைத்தான் கடித்தார்கள்.

மறுநாள் காலை குழாயின் வளைவு முதலாளியின் ஏசி அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வெள்ளை வேட்டியில் உள்ளே போனவர் கரிச்சட்டியாக வெளியே வந்தார். அவர் தும்மிய தும்மலில் டீக்கடைக் கிளாஸ்கள் விரிசல் கண்டன. என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை.

"எவன்டா திருப்புனது?"

களத்துப் பெண்களிலிருந்து வள்ளியம்மாள் முன்னே வந்தாள். "நாங்கதான். இன்னா மொதலாளி, ரெண்டு மூச்சுக்கே கண்ணுல தண்ணியா? மங்கை வருசம் பூரா குடிச்சாளே!"

"இன்ஜின நிறுத்து! எல்லாரும் வெளிய போங்க!"

கன்னியப்பன் நிறுத்தினார். "போறோம். தொட்டியில நெல்லு ஊறிக் கெடக்குது. மதியத்துக்குள்ள அவிக்கலன்னா நாறிடும். நீங்களே அவிச்சுக்குங்க."

முதலாளி போன் போட்டார். பக்கத்து ஊர் வல்லத்து மில்லிலிருந்து லோடு ஆட்டோவில் மாற்று வேலைக்குப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கேட்டருகே இருமிக்கொண்டிருந்த மங்கையைப் பார்த்து அவர்களில் வசந்தா நின்றாள். "இன்னா ஆச்சு இவளுக்கு?"

"கப்பல் இன்ஜின் புகைதான்க்கா" என்றாள் வள்ளியம்மாள்.

"அடப்பாவி! எங்க மில்லுக்காரனும் இதே மாரி ஒண்ணு வாங்கப் போறானே!"

வசந்தா திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். ஒருத்தியும் களத்தில் கால் வைக்கவில்லை.

வெயில் ஏறியது. தொட்டியிலிருந்து முதல் புளிப்பு வாடை கிளம்பியது. கரி வழியும் முகத்தோடு முதலாளி கேட்டுக்கு வந்தார். "மொதல்ல நெல்ல அவிங்க. டேங்க் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

"யோசிச்சிட்டே வாங்க" என்றார் கன்னியப்பன். "நாங்க எங்கயும் போகல."

மங்கை நகர்ந்து உட்கார்ந்து, புங்கமர நிழலில் வல்லத்துக்காரிகளுக்கு இடம் விட்டாள்.